தைராய்டு சீட்டை வைத்துச் சர்க்கரையைக் கணிக்கலாமா?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கத்தில் முதல் செக்கப்புக்குப் போகும் கர்ப்பிணியிடம் நீளமான பரிசோதனைச் சீட்டு ஒன்றைத் தருவார்கள். ஹீமோகுளோபின், ரத்த வகை, சிறுநீர், சர்க்கரை என்று இறங்கும் பட்டியலில் டி.எஸ்.எச். என்ற மூன்றெழுத்தும் இருக்கும். மறுநாள் லேபிலிருந்து வரும் தாளில் 3.1 அல்லது 3.8 என்ற எண் தடித்த எழுத்தில் நிற்கும். 'தைராய்டு இருக்காம்' என்ற சேதி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னொன்றும் அதில் ஒட்டிக்கொள்ளும்: 'தைராய்டு இருந்தா மாசமா இருக்கும்போது சுகரும் வந்துடும்.'

இதை வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ ஆய்விதழ்களும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இது ஒரே கூற்று அல்ல. மூன்று கூற்றுகளின் அடுக்கு. தைராய்டு குறையும் கர்ப்பகாலச் சர்க்கரையும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து காணப்படுகின்றன என்பது முதலாவது. தைராய்டு குறைதான் சர்க்கரையை வரவழைக்கிறது என்பது இரண்டாவது. தைராய்டு மாத்திரை கொடுத்தால் சர்க்கரை வராமல் தடுக்கலாம் என்பது மூன்றாவது. முதலாவதற்கு ஓர் ஆய்வைக் காட்டிவிட்டு மூன்றாவதையும் நிரூபித்துவிட்டதாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மூன்றையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

விசாரணைக்கு முன் ஒரு வரையறை. டி.எஸ்.எச். பத்தைத் தாண்டி, தைராய்டு ஹார்மோனான டி4 குறைந்து, உடல் சோர்ந்து நிற்கும் வெளிப்படையான தைராய்டு குறைபாட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை. கருவின் தைராய்டு வேலைக்கு வரும்வரை, அதாவது கர்ப்பத்தின் முதல் பாதி முழுவதும், குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பியிருக்கிறது. அங்கே மாத்திரை கட்டாயம். வழக்கு நடப்பது வேறொரு கூட்டத்தைப் பற்றி: டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறியிருக்கிறது, டி4 இயல்பாக இருக்கிறது, பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மருத்துவர்கள் 'சப்கிளினிக்கல்' என்பது இதைத்தான். புறநகர் லேப் தாள்களில் தடித்த எழுத்தில் வரும் எண்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

உடலியல் சொல்வது

தைராய்டு ஹார்மோனுக்கும் சர்க்கரைக்கும் உறவு உண்டு. கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, குடல் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது, தசை எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்ற மூன்றிலும் இந்த ஹார்மோனுக்குப் பங்கு இருக்கிறது. அது மிகுந்தால் கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரை தயாரிக்கும். குறைந்தால் இன்சுலின் தட்டும்போது தசை கதவைத் திறக்கத் தாமதிக்கும். கர்ப்பத்தில் இருபது வாரம் தாண்டியதும் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக நிற்கத் தொடங்கும். கணையத்தால் ஈடுகொடுக்க முடியாத பெண்ணுக்கு அப்போது சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சற்று மந்தமான தைராய்டும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும் என்று ஊகிப்பது நியாயமானதே.

ஆனால் இந்த ஊகத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. டி.எஸ்.எச். தசையிடம் பேசும் ஹார்மோன் அல்ல. பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு இடும் கட்டளை. தசைக்கும் கல்லீரலுக்கும் போய் வேலை செய்வது டி4-இலிருந்து உருவாகும் டி3. மிதமான டி.எஸ்.எச். உயர்வில் டி4 குறைவதில்லை. போய்ச் சேரும் ஹார்மோன் குறையாதபோது தசை மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? வெளிப்படையான குறைபாட்டுக்குப் பொருந்தும் விளக்கத்தை எடுத்து மிதமான உயர்வுக்கும் மாட்டிவிடுவது உடலியல் ஆகாது. கூற்று நிற்க வேண்டுமென்றால் எண்களில் நிற்க வேண்டும்.

முதல் கூற்று: சேர்ந்து வருகின்றனவா?

எண்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 10,990 கர்ப்பிணிகளைப் பார்த்தது. மிதமான டி.எஸ்.எச். உயர்வு கர்ப்பச் சிக்கல்கள் எதனோடும் சேர்ந்து வரவில்லை. ஆனால் டி.எஸ்.எச். இயல்பாக இருந்து டி4 மட்டும் குறைந்திருந்தவர்களிடம், அதுவும் இரண்டாம் மும்மாதத்தில் எடுத்த ரத்தத்தில், கர்ப்பகாலச் சர்க்கரை கூடுதலாகத் தெரிந்தது. 2012இல் டெக்சாஸிலிருந்து வந்த ஆய்வு ஏறத்தாழ 24,900 பெண்களின் பதிவுகளை அலசி, டி.எஸ்.எச். ஏற ஏறச் சர்க்கரை வாய்ப்பும் ஏறுகிறது என்றது. இரண்டும் பெரிய ஆய்வுகள். ஒன்று டி.எஸ்.எச்.-ஐ விடுவிக்கிறது, மற்றது குற்றம் சாட்டுகிறது.

இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கூட்டிப் பார்த்த தொகுப்பாய்வுகள் நடுவே ஒரு விடை தருகின்றன. 2014இல் ஒரு தொகுப்பு, மிதமான குறைபாடு உள்ளவர்களிடம் சர்க்கரைக்கான வாய்ப்பு விகிதம் 1.35 மடங்கு என்றது. 2016இல் இன்னொன்று ஏறத்தாழ 1.56 என்றது. ஆக, முதல் கூற்றுக்குச் சான்று உண்டு. இரண்டும் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்து வருகின்றன.

அந்தச் 'சற்று' எவ்வளவு? நூறு கர்ப்பிணிகளில் பதினைந்து பேருக்குச் சர்க்கரை வரும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். 1.35 என்றால் மிதமான தைராய்டு குறை உள்ள நூறு பேரில் அது 19 ஆகும், 1.56 என்றால் 22 ஆகும். மீதி 78 முதல் 81 பேருக்குச் சர்க்கரை வராது. 'வந்துடும்' என்ற வீட்டுப் பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

இதையே மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் செய்தி இன்னும் கடுமையானது. ஆயிரம் கர்ப்பிணிகளில் 130 பேருக்கு டி.எஸ்.எச். உயர்வு என்று கொள்வோம். மேற்சொன்ன விகிதப்படி அந்த 130 பேரில் 25 முதல் 28 பேருக்குச் சர்க்கரை வரும். டி.எஸ்.எச். இயல்பான 870 பேரிலோ சுமார் 130 பேருக்கு வரும். ஆறு சர்க்கரைக் கர்ப்பிணிகளில் ஐந்து பேர் 'தைராய்டு நார்மல்' என்ற தாளோடுதான் இருப்பார்கள். ஒரு கூட்டத்தைப் பற்றிய உண்மை, தனி ஒருத்தியைப் பற்றிய கணிப்பாக மாறாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இரண்டாம் கூற்று: ஒன்று மற்றதை வரவழைக்கிறதா?

2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இங்கே முக்கியமான சாட்சி. சர்க்கரை வந்த 107 பெண்களையும் வராத 214 பெண்களையும் எடுத்து, கர்ப்பத்தின் வெவ்வேறு கட்டங்களில் தைராய்டு ஹார்மோன்களை அளந்தது. டி.எஸ்.எச்.-இலும் டி4-இலும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. தொடர்பு தெரிந்தது டி3-இல். டி4-க்கு எத்தனை பங்கு டி3 என்ற விகிதத்தில் அது இன்னும் ஓங்கியது: முதல் மும்மாதத்தில் விகிதம் மிக உயர்ந்த கால்பகுதியினருக்கு, மிகத் தாழ்ந்த கால்பகுதியினரைவிட வாய்ப்பு விகிதம் எட்டு மடங்குக்கும் மேல். 107 பேரை வைத்துச் சொன்ன எட்டு மடங்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதன் பிழை எல்லை மூன்றிலிருந்து இருபத்தாறு வரை விரிகிறது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

அந்தத் திசை வீட்டுப் பேச்சுக்கு நேர் எதிரானது. தைராய்டு மந்தம்தான் காரணம் என்றால், வேலை செய்யும் ஹார்மோனான டி3 குறைந்திருக்க வேண்டும். இங்கே அது கூடியிருக்கிறது. டி4-ஐ டி3 ஆக்கும் நொதிகள் கல்லீரலிலும் தசையிலும் இருக்கின்றன. உடல் எடை ஏறும்போது அவற்றின் சுறுசுறுப்பும் ஏறுகிறது. எடை ஏறினால் டி.எஸ்.எச்.-உம் சற்று ஏறும். அப்படியானால் கூடுதல் எடையும் இன்சுலின் எதிர்ப்பும் வேரில் இருக்க, தைராய்டு எண்களின் மாற்றமும் சர்க்கரையும் அதிலிருந்து கிளைத்த இரண்டு விளைவுகளாக இருக்கலாம். ஆய்வாளர்கள் எடையைக் கணக்கில் கழித்துவிட்டோம் என்பார்கள். ஆனால் உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் குறியீடு, இடுப்பில் கொழுப்பு சேரும் தென்னிந்திய உடலின் இன்சுலின் எதிர்ப்பை முழுமையாகப் பிடிப்பதில்லை. எஞ்சி நிற்கும் அந்தப் பங்கு 1.35 என்ற சிறிய எண்ணை உருவாக்கப் போதும்.

இன்னொரு சிக்கல் அளக்கும் கருவியிலேயே இருக்கிறது. கர்ப்பத்தில் தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதம் ஏறும், ஆல்புமின் இறங்கும். வழக்கமான லேப் முறையில் அளக்கும் ஃப்ரீ டி4 இந்த மாற்றத்தில் தடுமாறுகிறது. ஆகவே 'டி4 மட்டும் குறைந்தவர்கள்' என்ற பிரிவே ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. இரண்டாம் கூற்றின் நிலை இதுதான்: சாத்தியம் உண்டு; நிரூபணம் இல்லை; இருக்கும் சாட்சிகளில் வலுவானது பொது வேரை நோக்கிக் கைகாட்டுகிறது.

மூன்றாம் கூற்று: மாத்திரை தடுக்குமா?

நடைமுறையில் ஒரு பெண்ணைத் தொடுவது இந்தக் கேள்விதான். 2017இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வு, அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து மிதமான குறைபாடு உள்ள 5,405 கர்ப்பிணிகளை எடுத்தது. அவர்களில் 843 பேர் தைராய்டு மாத்திரை எடுத்தவர்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் கருச்சிதைவு குறைவு. அந்தப் பயனும் டி.எஸ்.எச். 4-க்கு மேல் இருந்தவர்களிடம்தான் தெரிந்தது. ஆனால் குறைப்பிரசவமும் ரத்த அழுத்தச் சிக்கலும் கூடுதல். கர்ப்பகாலச் சர்க்கரையும் கூடுதல், 1.37 மடங்கு.

மாத்திரை சர்க்கரையைக் குறைக்க வேண்டிய இடத்தில் அது கூடியிருக்கிறது. இதை வைத்து 'மாத்திரைதான் சர்க்கரையை வரவழைத்தது' என்று எழுதுவதும் தவறு. மருத்துவர்கள் யாருக்கு மாத்திரை எழுதினார்கள்? தொடக்கத்திலேயே டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தவர்களுக்கு, அடிக்கடி பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு. அடிக்கடி சோதித்தால் நோயும் அதிகம் அகப்படும். இந்த ஆய்வு மாத்திரையைக் குற்றவாளியாக்கவில்லை. மாத்திரை சர்க்கரையைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லவும் இல்லை.

குலுக்கல் முறையில் பிரித்து நடத்தும் பரிசோதனையே இதில் உயர்ந்த சாட்சி. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் மிதமான குறைபாடுள்ள 677 பேரும் டி4 மட்டும் குறைந்த 526 பேரும் இருந்தனர். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஐந்து வயதில் குழந்தைகளின் அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கர்ப்ப விளைவுகளிலும் வேறுபாடு இல்லை. பிரிட்டனிலும் இத்தாலியிலும் 21,846 பெண்களை வைத்து நடத்தி 2012இல் வெளியான முந்தைய பரிசோதனையும் குழந்தையின் அறிவுத்திறனில் பயன் காணவில்லை.

இதற்கு வழக்கமான மறுப்பு ஒன்று உண்டு: அமெரிக்கப் பரிசோதனையில் நடந்ததுபோல, சராசரியாகப் பதினேழாவது வாரத்தில் மாத்திரையைத் தொடங்கினால் காலம் கடந்துவிடாதா? குழந்தையின் மூளையைப் பற்றிய கேள்வியில் இந்த மறுப்புக்கு நல்ல வலு இருக்கிறது. சர்க்கரையைப் பற்றிய கேள்வியில் அவ்வளவு இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை தலைகாட்டுவது பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகு. பதினேழாவது வாரத்தில் தொடங்கிய மாத்திரைக்கு இன்சுலின் எதிர்ப்பைத் தளர்த்தும் ஆற்றல் இருந்திருந்தால் அதைக் காட்ட ஏழு வாரமாவது கிடைத்தது.

எந்த எண்ணிலிருந்து நோய்?

மூன்று கூற்றுகளுக்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது: டி.எஸ்.எச். எவ்வளவு ஏறினால் உயர்வு? அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011இல் முதல் மும்மாதத்துக்கு 2.5 என்று கோடு போட்டது. இந்தியச் சுகாதார அமைச்சகம் 2014 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி அதே 2.5-ஐ எடுத்துக்கொண்டது. 2017இல் அமெரிக்கச் சங்கமே பின்வாங்கி, உள்ளூர் அளவுகோல் இல்லாத இடங்களில் 4 என்று மாற்றியது. நம் நாட்டிலோ 2008லேயே டெல்லி ஆய்வாளர்கள், ஆரோக்கியமான இந்தியக் கர்ப்பிணிகளிடம் முதல் மும்மாதத்தின் மேல் எல்லை 5 வரை போகிறது என்று காட்டியிருந்தார்கள்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து நோயாளிகளின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பதற்கு 2016இல் வெளியான பல நகர ஆய்வு சாட்சி. ஒன்பது மாநிலங்களில் பதினொரு நகரங்கள், 2,599 கர்ப்பிணிகள். 4.5-இல் கோடு போட்டால் 13.13 சதவீதம் பேருக்குக் குறைபாடு. 2.5-இல் போட்டால் 44.3 சதவீதம். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேரை நோயாளியாக்கும் அளவுகோல், நோயாளியையும் நலமானவரையும் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்யவில்லை. அப்படிப்பட்ட எண்ணை வைத்துச் சர்க்கரையைக் கணிப்பது, கணிக்காமல் இருப்பதற்குச் சமம்.

சர்க்கரைப் பக்கத்தின் கணக்கு

எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எடைபோட முடியாது. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் விஷயத்தில் சென்னைக்கு உலகளவில் ஓர் இடம் உண்டு. மருத்துவர் வி. சேஷய்யாவும் அவர் குழுவும் முன்வைத்த ஒற்றைப் பரிசோதனை இங்கிருந்துதான் நாடெங்கும் போனது. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2007இல் தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. முறை எளிது: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும்; இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

அதே குழு 2008இல் வெளியிட்ட சமூக ஆய்வு தாம்பரத்துக்காரர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. சென்னை நகரத்தில் 17.8 சதவீதம், அரைநகர்ப் பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வயது, எடை போன்றவற்றைக் கழிக்காத கச்சா ஒப்பீடு இது. ஆனாலும் 1.35-ஐயும் 1.56-ஐயும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரிய விசை என்று தெரியும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் மாநகராட்சியான தாம்பரம், அந்த ஆய்வின் நடுப்படியிலிருந்து மேல்படிக்கு நகர்ந்துகொண்டிருக்கும் ஊர். இங்கே கர்ப்பிணியின் சர்க்கரையை ஏற்றிவிடும் காரணங்களில் தைராய்டு முன்வரிசையில் இல்லை.

இந்த ஒற்றைச் சோதனைக்கும் குறை உண்டு. அதை மறைத்தால் எடை சரியாக வராது. 2014இல் மருத்துவர் வி. மோகனின் சென்னைக் குழு 1,031 கர்ப்பிணிகளை முதலில் சாப்பிட்ட நிலையிலும், சில நாள் கழித்து வெறும் வயிற்றிலும் சோதித்தது. வெறும் வயிற்றுச் சோதனையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999 அளவுகோலின்படி சர்க்கரை உள்ளவர்கள் என்று தெரிந்தவர்களில் 27.7 சதவீதம் பேரைத்தான் ஒற்றைச் சோதனை பிடித்திருந்தது. முன்பே சாப்பிட்ட உணவு இன்சுலினை உசுப்பி வைத்திருக்கும். அடுத்து வரும் குளுக்கோஸை உடல் எளிதாகச் சமாளிக்கும். சேஷய்யா குழுவினரின் ஒப்பீடுகள் இரு முறைகளும் நெருங்கி வருவதாகச் சொல்கின்றன. சண்டை முடியவில்லை. ஆனால் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணையும், முடிச்சூரிலிருந்து பஸ் ஏறிவரும் பெண்ணையும் வெறும் வயிற்றோடு வரச்சொன்னால், வராமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் அந்தச் சதவீதத்தோடு சேர்க்க வேண்டிய கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒற்றைச் சோதனை சரி; வெறும் வயிற்றில் வர முடிகிறவருக்கு, அதுவும் தாய்தந்தைக்குச் சர்க்கரை இருந்தால், முழுச் சோதனையே மேல்.

சிகிச்சைப் பயனில்தான் இரண்டு தட்டுகளும் தெளிவாகப் பிரிகின்றன. 2005இல் ஆஸ்திரேலியா தலைமையில் நடந்த குலுக்கல் பரிசோதனையில் ஆயிரம் பெண்கள். மிதமான கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சிகிச்சை கொடுத்தபோது குழந்தைகளின் கடுமையான சிக்கல்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக இறங்கின. 2023இல் வந்த இன்னொரு பரிசோதனை, அபாயக் காரணிகள் உள்ள பெண்களில் 20 வாரத்துக்கு முன்பே சர்க்கரையைக் கண்டு சிகிச்சை தொடங்கினால், பிறந்த குழந்தையின் சிக்கல்கள் 30.5 சதவீதத்திலிருந்து 24.9 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. மிதமான டி.எஸ்.எச். உயர்வுக்கு இப்படி ஒரு எண்ணை யாரும் இதுவரை காட்டவில்லை.

எதிர்வாதம்

'மாத்திரை மலிவு, கெடுதல் இல்லை, போட்டால் என்ன?' என்பது தைராய்டு தரப்பின் வலுவான வாதம். விலையில் அது உண்மை. ஆனால் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகை பரவலாக உள்ள ஊரில் இந்த நேரக்கணக்கில் தவறிப்போவது இரும்பு மாத்திரையாக இருந்தால், நிச்சயமில்லாத பயனுக்காக நிச்சயமான பயனை இழந்தவர்கள் ஆவோம். நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை, அளவு மாற்றம், 'எனக்குத் தைராய்டு' என்று ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் பெயர் ஆகியவையும் விலைதான்.

'இந்தியப் பெண்களிடம் நடத்திய பெரிய குலுக்கல் பரிசோதனை இல்லையே' என்பது இரண்டாவது வாதம். ஏற்கத்தக்கது. இங்கே சர்க்கரை விகிதமும் வேறு, எடை சேரும் விதமும் வேறு. ஆனால் இந்தச் சான்றுக்குறை இரண்டு பக்கமும் வெட்டும். இந்தியச் சான்று இல்லை என்பது மாத்திரை எழுதுவதற்கான ஆதாரம் ஆகாது. அப்படி ஒரு பரிசோதனையை நடத்துவதற்கான ஆதாரமே ஆகும். சென்னையின் மருத்துவக் கல்லூரிகளுக்கும் நீரிழிவு ஆய்வு மையங்களுக்கும் அது தகுந்த வேலை.

தீர்ப்பு

முதல் கூற்று ஏற்கப்படுகிறது: மிதமான தைராய்டு குறையும் கர்ப்பகாலச் சர்க்கரையும் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்து வருகின்றன. தனிப் பெண்ணைக் கணிக்க அது உதவாது. இரண்டாம் கூற்று நிரூபிக்கப்படவில்லை. மூன்றாம் கூற்று, இன்றிருக்கும் சான்றுகளின்படி, தள்ளுபடி: சர்க்கரையைத் தடுப்பதற்காகத் தைராய்டு மாத்திரை எழுதக் காரணம் இல்லை.

தைராய்டு பரிசோதனையே வேண்டாம் என்பது இதற்குப் பொருள் அல்ல. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கர்ப்பம் உறுதியானவுடன் மருத்துவரைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்திவிடவே கூடாது. டி.எஸ்.எச். பத்தைத் தாண்டினால் சிகிச்சை. நான்குக்கு மேல் இருந்து, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் புரதமும் இருந்தால் சிகிச்சை. இவையெல்லாம் தைராய்டின் சொந்தக் காரணங்களுக்காக. 2.5-க்கும் 4-க்கும் இடையில் எதிர்ப்புப் புரதம் இல்லாத பெண்ணை நோயாளியாக்க வேண்டியதில்லை. 2014இன் தேசிய வழிகாட்டி இந்தக் கோட்டைத் திருத்த வேண்டும்; லேப்கள் கர்ப்பிணிக்குத் தனி எல்லையை அச்சிட வேண்டும்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, தைராய்டு தாள் என்ன சொன்னாலும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே விதி: முதல் செக்கப்பில் ஒரு சோதனை, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒன்று, சர்க்கரை இருந்தவருக்குப் பிரசவமாகி ஆறாம் வாரத்தில் இன்னொன்று. இந்த வரிசை நம் ஊரில் அறுந்துபோகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஆறாம், ஏழாம் மாதத்தில் இரண்டாவது சோதனை வரும்போதே வளைகாப்பும் வருகிறது. தாம்பரத்தில் செக்கப் பார்த்த பெண் விழுப்புரத்துக்கோ திருநெல்வேலிக்கோ அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். பிரசவம் அங்கே, ஆறாம் வாரச் சோதனையும் அங்கேதான் விழும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் அபாயம், வராதவரைவிட ஏழு மடங்குக்கும் மேல். அதைத் தொடக்கத்திலேயே பிடிக்கக்கூடிய சோதனையை எந்த ஊரும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

வழி இருக்கிறது. அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டாவது சோதனையை முடித்து, முடிவை அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் ஏற்றிவிட வேண்டும். குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி எந்த ஊரில் போட்டாலும், அதே நாளில் அங்கேயே தாய்க்கும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துச் சோதிக்க வேண்டும். 3.1 என்ற டி.எஸ்.எச். எண்ணுக்காக வாங்கும் இரண்டாவது கருத்தைவிட, அந்த ஒரு சோதனை தாம்பரத்துத் தாய்மார்களின் சர்க்கரையைப் பற்றி அதிகம் சொல்லும்.